நம்ம புள்ள என்று சொல்வதற்கு முன்

இது கொஞ்சம் நீளமான பதிவு.

சனிக்கிழமை இரவிலிருந்து நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு படங்கள் சுற்றுகின்றன. ஒன்று, கொழும்பில் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகத்தில் பொடியன்மார் குளிக்கிற படம். அதைப் பற்றிப் பேச நாட்டில் ஆள் குறைவில்லை, நான் விடுகிறேன். மற்றது, விம்பிள்டன் இறுதிப் போட்டியில் தோற்று, இரண்டாம் இடத்து வெள்ளித் தட்டோடு நிற்கிற டியூனீசியாப் பெண்ணின் படம். டீவியில் ஒன்ஸ் ஜபர் என்கிறார்கள். அரபியில் அது உன்ஸ் ஜாபிர். ஜாபிர் என்று நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு நானா இருக்கிறார். உன்ஸ் என்றால் ஒட்டுறவு, மனசுக்கு நெருக்கம்.

அந்தப் படத்துக்குக் கீழே வந்த கருத்துகளை எல்லாம் இரண்டு சாக்கில் போட்டுக் கட்டிவிடலாம். "மாஷா அல்லாஹ், நம்ம புள்ள பைனல் வரைக்கும் வந்திட்டா" என்பது ஒரு சாக்கு. "இந்த உடுப்போட இவ எப்படி நம்ம புள்ள?" என்பது மற்றச் சாக்கு. ஒரு கிழமை வீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் ஆட்டங்களைப் பார்த்தவள் நான். பத்து வருஷத்துக்கு மேலாகப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள். எனக்கு இரண்டு சாக்கோடும் ஒத்துப்போக முடியவில்லை. நம்ம புள்ள என்று சொல்கிற நாம் அவளுக்கு ஒரு சல்லியும் செலவழிக்கவில்லை. உடுப்பைப் பற்றிப் பேசுவதற்கும் சல்லி தேவையில்லை. அதனால்தான் இரண்டும் இவ்வளவு லேசாக வருகின்றன. செலவாகிற விஷயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் அந்தக் கிழமை. ஜூலை 4 தொடக்கம் 8 வரை பாடசாலைகளை மூடச் சொன்னார்கள். டீசல் இல்லை, பஸ் இல்லை, டீச்சர்மார் வர வழி இல்லை. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊர் இது, வெள்ளைக்காரன் தன்னுடைய கப்பல்களுக்காகக் கட்டிவிட்டுப் போனவை. அந்தத் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே நம்ம ஆட்கள் இரவு பகலாக வரிசையில் கிடந்தார்கள். என் தம்பி இரண்டு இரவு மோட்டார் சைக்கிளிலேயே தூங்கினான். ஒன்லைன் வகுப்பு நடத்தலாம்தான், ஆனால் டேட்டா போட வசதியுள்ள பிள்ளைகள் என் வகுப்பில் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். ஆக, வீடுதான். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் டீவிதான்.

எங்கள் வீடு கிரிக்கெட் வீடு. ஆனால் காலியில் அவுஸ்திரேலியாவோடு முதல் டெஸ்ட் மூன்றே நாளில் முடிந்துவிட்டது, அடுத்தது வெள்ளிக்கிழமைதான். இடையில் கிரிக்கெட் இல்லாத நாட்கள். மகள் ரிமோட்டை அமத்திக்கொண்டே போக, பச்சைப் புல்லும் வெள்ளை உடுப்பும் வந்து நின்றன. உம்மாவும் கூட வந்து இருந்தார். முதல் பத்து நிமிஷத்துக்குள் என்னை மடக்கிவிட்டார். "பதினஞ்சு, முப்பது, நாப்பது. நீ கணக்கு டீச்சர்தானே மகள், மிச்ச அஞ்சு எங்க போன?" நானும் தேடிப் பார்த்தேன். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

விளங்கத் தொடங்கியதும் விடமுடியவில்லை. கிரிக்கெட்டில் ஒருவர் பிழை விட்டால் மூடிமறைக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இங்கே தனி ஆள். 2022இல் விம்பிள்டனில் ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது என்றிருந்தது, பரீட்சை மண்டபம் மாதிரி. செவ்வாய்க்கிழமை காலிறுதியில் உன்ஸ் ஜாபிர் செக் நாட்டுப் பெண் மரீ பௌஸ்கோவாவிடம் முதல் செட்டை 3-6 என்று விட்டுக்கொடுத்தார். எங்கே பிழை போகிறது என்று அவரே கண்டுபிடித்து, அடுத்த இரண்டு செட்டையும் 6-1, 6-1 என்று எடுத்தார். முதல் கணக்கு பிழைத்தால் பேனையை வைத்துவிடுகிற பிள்ளைகளைத் தினம் பார்க்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புதன்கிழமை நடால். வயிற்றுத் தசை கிழிந்த மனுஷன் நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஆடி வென்றுவிட்டு, அடுத்த நாள் இனி முடியாது என்று விலகினார். அதை வேறொரு நாள் எழுதலாம்.

அதே புதன்கிழமைதான் சானியா மிர்சா விம்பிள்டனில் கலப்பு இரட்டையர் அரையிறுதியில் தோற்றார். இது தன்னுடைய கடைசி வருஷம் என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். அப்போது நம்மில் பலருக்கு அவர் சுஐப் மலிக்கின் மனைவியாக இருந்தவர். சிலருக்கு 2005இல் பாவாடைச் சர்ச்சையில் மாட்டிய ஹைதராபாத் பிள்ளை. மார்க்கத் தீர்ப்பு வரைக்கும் போன கதை அது. அப்போது அந்தப் பிள்ளைக்கு 18 வயது. அதே 2005இல் அமெரிக்க ஓப்பனில் நாலாவது சுற்று வரைக்கும் போனார். இந்தியப் பெண் ஒருவர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. பிறகு 2015இல் மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டம், இரட்டையரில் உலகின் முதலாம் இடம். இதில் நம்ம ஆட்களிடம் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாவாடைதான் இருக்கும்.

வியாழக்கிழமை அரையிறுதி. எதிரே ஜெர்மனியின் தத்யானா மரியா, 34 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், இளையதுக்கு இன்னும் ஒன்றரை வயதும் ஆகவில்லை. இருவரும் நல்ல சிநேகிதிகள். மூன்றாவது செட்டில் கரண்ட் போய்விட்டது. போனில்தான் முடிவைப் பார்த்தோம், 6-2, 3-6, 6-1. வென்றதும் உன்ஸ் ஜாபிர் கைதட்டலைத் தனியாக வாங்காமல், தோற்றவரைக் கையில் பிடித்து மைதானத்துக்கு நடுவே இழுத்து வந்து, இவருக்கும் தட்டுங்கள் என்று காட்டினார். அடுத்த நாள் மறுஒளிபரப்பில் அதைப் பார்த்த உம்மா "ரெண்டு புள்ளப் பெத்த உடம்பா அது!" என்று ஆச்சரியப்பட்டார். எங்கள் உம்மா முழங்கால் வருத்தத்தால் கதிரையில் இருந்து தொழுகிறவர்.

சனிக்கிழமை இங்கே அறபா நோன்பு. டியூனீசியாவில் அன்றைக்கே பெருநாள். லண்டனில் பகல் இரண்டு மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. நோன்பு துறக்கிற நேரமும் ஆட்டம் தொடங்குகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த கையோடு மஃரிபைத் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் நம்ம புள்ள (பாருங்கள், நானும் சொல்லிவிட்டேன்) முன்னுக்கு நிற்கிறார். முதல் செட் 6-3. வலைக்கு மேலால் பந்தை மெல்ல இறக்கிவிடுவார். அங்கே நிற்பவர் ஓடிவருவதற்குள் அது இரண்டாம் முறை தரையைத் தொட்டிருக்கும். அதற்குப் பிறகு எதிரே நின்ற எலேனா ரிபகினாவின் சேர்வ் இறங்கத் தொடங்கியது. ஆறு அடி உயரப் பிள்ளை, 23 வயது. 6-2, 6-2. முடிந்தது. வென்ற பிள்ளை குதிக்கவும் இல்லை, விழவும் இல்லை. ஏதோ கடைக்குப் போய் வந்தது மாதிரி வலைக்கு வந்து கைகொடுத்தது.

அரபுப் பெண் ஒருவர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதில் சந்தோஷப்படுவதில் தப்பே இல்லை. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் எப்படி அங்கே வந்தார் என்பதைத் தேடி வாசித்தபோதுதான் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்தது.

அவர் வளர்ந்தது சூஸ் என்ற ஊரில். கடற்கரை ஊர், துறைமுக ஊர், வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஹோட்டல்கள் வரிசையாக நிற்கிற ஊர். 2015இல் அந்தக் கடற்கரையில் ஒரு துப்பாக்கிதாரி 38 பேரைக் கொன்றான். சுற்றுலா விழுந்தது, வேலைகள் போயின. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நிலாவெளியும் உப்புவெளியும் எப்படிக் கிடந்தன, நம்மை ஆட்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஊரை விளக்கத் தேவையில்லை.

அந்த ஊரில் மூன்று வயதுப் பிள்ளையை டென்னிஸ் களத்துக்குக் கூட்டிப்போனது அவரது உம்மா, சமீரா. உம்மாவுக்கு விளையாட ஆசை, பிள்ளையும் கூடப் போனது. உள்ளூர்க் கழகத்துக்குச் சொந்தக் களம் கிடையாது. பக்கத்து ஹோட்டல்களின் களங்களில்தான் பயிற்சி. பன்னிரண்டு வயதளவில் தலைநகர் டியூனிஸில் இருந்த அரசாங்க விளையாட்டுப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். 2011இல் பிரெஞ்சு ஓப்பன் சிறுமியர் பட்டம். அதன் பிறகும் பெரியவர்களின் ஆட்டத்தில் மேலே வரப் பத்து வருஷம் போனது. 2020இல்தான் அவுஸ்திரேலிய ஓப்பன் காலிறுதி, 2021இல்தான் முதல் பட்டம். 2022இல் அவருடைய பயிற்சியாளராக இருந்தவரும் டியூனீசியர், உடற்பயிற்சி கொடுத்த கணவரும் டியூனீசியர்.

நம்ம பக்கத்திலும் கதை இதேதான். தமிழ்நாட்டு ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் எடுத்தார், 1960இலும் 1961இலும் அரையிறுதி வரை போனார். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது தகப்பன். சானியாவுக்கும் தகப்பன்தான். உன்ஸ் ஜாபிருக்கு உம்மா. யாரோ ஒரு பெரிய ஆள் தன்னுடைய நாளில் ஒரு மணித்தியாலத்தை எடுத்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

வென்ற பிள்ளையின் கதையையும் கேளுங்கள். ரிபகினா பிறந்தது மொஸ்கோவில். 2018இல் கசகஸ்தானுக்கு மாறினார், ஏனென்றால் அந்த நாடு அவரது பயிற்சிக்குக் காசு தருகிறோம் என்றது. உக்ரேன் யுத்தத்தால் 2022இல் ரஷ்ய வீரர்களுக்கு விம்பிள்டனில் தடை இருந்தது. மாறாமல் இருந்திருந்தால் ஆடியே இருக்க முடியாது. ஆக, சனிக்கிழமை களத்தில் நின்றது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்கிற இரண்டு நாடுகளின் கொடிகள். ஒரு நாடு சின்னதிலிருந்து வளர்த்தது, மற்றது வளர்ந்த பிறகு வாங்கியது. எது சரி என்று சண்டை பிடிக்கலாம். ஆனால் இரண்டும் செலவழித்தன. வென்றவருக்கு அன்று 20 இலட்சம் பவுண், அப்போதைய நம்ம காசில் எண்பது கோடிக்கு மேல். தோற்றவருக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே 2007இலிருந்து ஒரே பரிசுத்தொகை, அதுவும் பெண்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வாங்கியது.

இனி நம்ம பாடசாலைகளுக்கு வருவோம்.

தரம் ஆறில் பெண்பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் திறக்காமல் ஓடுவார்கள். தரம் எட்டில் பாதிப் பேர். தரம் ஒன்பதில் எல்லோரும் மரத்தடியில். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் பெண்கள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க ஆள் தேடி வகுப்பு வகுப்பாகப் போக வேண்டும். கேட்டால் "உம்மா வேணாமாம் டீச்சர்." உம்மாவைக் கேட்டால் "வாப்பாக்கு விருப்பமில்ல." வாப்பாவைக் கேட்டால் மார்க்கம் என்பார். நான் மார்க்கம் படித்தவள் இல்லை. ஆனால் ஆயிஷா நாயகி (ரலி) நபிகளாரோடு ஓட்டப்பந்தயம் ஓடிய ஹதீஸ் அபூதாவூதில் இருப்பதை நம்ம பள்ளிவாசல் பயானிலேயே கேட்டிருக்கிறேன். ஓடக்கூடாது என்று எந்த மௌலவியும் எனக்குச் சொன்னதில்லை. எங்கே, எப்படி என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்து வைப்பது நம்ம வேலை, அதை நாம் செய்யவில்லை.

கல்வியியற் கல்லூரியில் மூன்று வருஷம் இருந்தபோது நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். விடுதியில் எங்களோடு மூதூர், கிண்ணியா, அக்கரைப்பற்று, புத்தளம் என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் தரம் ஒன்பதிலேயே விளையாட்டை விட்டவர்கள். விடுதிக்குப் பின்னால் மதில் போட்ட ஒரு வெறுந்தரை, இரண்டு வலைப்பந்துக் கம்பங்கள். பின்னேரம் அஸருக்குப் பிறகு விசிலோடு ஒரு பெண் விரிவுரையாளர் வந்து நிற்பார். ஒரு மாசத்தில் அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் பூட்டி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. மார்க்கம் அதே மார்க்கம், பிள்ளைகள் அதே பிள்ளைகள். புதிதாக வந்தது மதிலும், அந்த நேரமும், விசில் வைத்திருந்த ஒரு பெண்ணும்தான்.

அடுத்த பந்தியை ஆண்கள் தாண்டிப் போக நினைப்பீர்கள். தயவு செய்து வாசியுங்கள்.

2022இல் விம்பிள்டனில் உள்ளாடை வரைக்கும் வெள்ளைதான் உடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. மாதத்தின் அந்த நாட்களில் இது எவ்வளவு பயம் என்று அந்த வருஷம் பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். இறுதிப் போட்டியன்று வாசலில் சிலர் சட்டத்தை மாற்றச் சொல்லி நின்றார்கள். செய்தியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. உலகத்தின் பணக்கார விளையாட்டு மைதானத்தில் பெண்களுக்கு இருந்த அதே பயம் நம்ம பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாதமும் இருக்கிறது. இலங்கையில் பாடசாலைச் சீருடை வெள்ளை. அந்த வெள்ளையோடு ஓடு, பாய் என்றால் எந்தப் பிள்ளை வரும்? பாடசாலைக் கழிப்பறையில் தண்ணீர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. கதவுக்குக் கொளுக்கி இல்லை. குப்பைக் கூடை இல்லை. 2022இல் பக்கெட் விலை எகிறிய எகிறலில் சில வீடுகளில் திரும்பவும் துணிதான் என்றானது. அந்த நாட்களில் பாடசாலைக்கே வராத பிள்ளைகளின் பெயர்களை என்னால் இடாப்பைப் பார்க்காமல் சொல்ல முடியும். இதற்கெல்லாம் மேலே உடற்கல்விக்குப் பெரும்பாலும் ஆண் ஆசிரியர்கள். அவர்கள் நல்லவர்கள், ஆனால் "ஏன் இன்றைக்கு விளையாட வரல்ல?" என்று அவர்கள் கேட்டால் ஒரு பிள்ளை என்ன பதில் சொல்லும்? தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அடுத்த முறையிலிருந்து மரத்தடிக்குப் போய்விடும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு நாம் உன்ஸ் ஜாபிரின் பாவாடை நீளத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

சில சகோதரர்கள் உடனே கேட்பார்கள், அப்படியென்றால் நம்ம பிள்ளைகளுக்கும் அந்த உடுப்பா என்று. நான் அபாயா போட்டுப் படிப்பிக்கப் போகிறவள். என் மகளுக்கு அந்த உடுப்பை நான் போடமாட்டேன், உங்கள் மகளுக்கும் போடச் சொல்லமாட்டேன். தேவையும் இல்லை. உதைபந்தாட்டத்தில் தலையை மூடி ஆட 2014இல் பீபா அனுமதித்தது. கூடைப்பந்தில் 2017இல் அனுமதி வந்தது. உலகம் நமக்காக விதியை மாற்றிய பிறகும் நாம் அந்த வாசலில் போய் நிற்கவில்லை. கறுப்போ கடும் நீலமோ தொளதொள என்று ஒரு காற்சட்டை, முழங்கால் வரை ஒரு நீளக்கைச் சட்டை, குத்திக்கட்டிய ஒரு தலைத்துணி. தையல்கார ராத்தா ஒருவர் ஒரு நாளில் தைத்துவிடுவார். விளையாட்டுப் பாடம் இருக்கிற நாளில் அதை உடுத்துவர விட்டால் போதும்.

இன்னொரு கேள்விதான் எனக்குக் கஷ்டமானது. பால்மா இல்லை, கேஸ் இல்லை, நாடு இந்த நிலையில் இருக்கும்போது விளையாட்டு ஒரு கேடா என்று. எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். அதற்கு ஒரு பதில் உட்துறைமுக வீதியில் இருக்கிறது. சுபஹுக்குப் பிறகு கடலோரமாகப் போய்ப் பாருங்கள். நாற்பது, ஐம்பது வயது உம்மாமார் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால். டொக்டர் நடக்கச் சொன்னதால் நடக்கிறார்கள். அந்த உம்மாமாரை 13 வயதில் ஓடாதே என்று உட்காரவைத்தது யார்? முப்பது வருஷம் உட்காரவைத்துவிட்டு, இப்போது மருந்துச் சீட்டில் எழுதி எழுப்புகிறோம். இந்தக் கணக்கு எப்படி என்று யோசியுங்கள். பிள்ளைகளும் கொரோனாவுக்கு இரண்டு வருஷம், 2022இல் எண்ணெய்க்கு என்று வீட்டிலேயே கிடந்தார்கள். பொடியன்மாருக்குத் தெரு இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குப் போன் மட்டும்தான்.

செலவு என்று சொன்னேனே தவிர, பெரிய செலவும் இல்லை. டென்னிஸ் களம் கட்டச் சொல்லவில்லை. வலைப்பந்துக்கு ஒரு சமதரையும் இரண்டு கம்பமும் போதும். அந்த ஆட்டத்தில்தானே யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கையை ஆசியச் சம்பியனாக்கிய அணியில் நின்றார். கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒரு மணித்தியாலம், ஆண்கள் இல்லாத நேரமாக மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தரலாம். தெருப்பக்கம் மதில் இல்லாத இடத்தில் பச்சை வலையோ தகரமோ அடிக்கலாம். பெருநாளைக்கு மாடு அறுத்த வீடுகளுக்கு அது பெரிய காசு இல்லை. கழிப்பறைக்குக் கொளுக்கி, குழாய், மூடி போட்ட ஒரு கூடை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற நானாமார் இதை ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தால், நான் பத்து வருஷம் வீடு வீடாகப் போய்ச் சொல்வதைவிடக் கூடுதலாக வேலை செய்யும். உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். 2022இல் அறைகள் காலியாகத்தான் கிடந்தன. விளையாடுகிற இடம் உள்ளவர்களிடம் பெண்பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரு நாள் தருவீர்களா என்று கேட்டுப் பார்க்கலாம். சூஸ் ஊர்க்காரர்களும் அப்படித்தானே ஹோட்டல் களத்தில் தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் மூன்று டென்னிஸ் பந்து இருக்கிறது, தம்பியின் சொப்ட்போல் கிரிக்கெட் பந்துகள். உங்கள் வீட்டிலும் இருக்கும். இந்த ஊரில் டென்னிஸ் பந்து இல்லாத வீடு குறைவு. ஞாயிற்றுக்கிழமை பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் மகள் அதில் ஒன்றை எடுத்து, பின் வளவுச் சுவரில் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

பாடசாலை திறந்ததும் அதிபரிடம் போகலாம் என்று நானும் இன்னும் இரண்டு டீச்சர்மாரும் பேசி வைத்திருக்கிறோம். வலைப்பந்து ஆடிப் பழகிய பழைய மாணவிகள், கல்யாணம் முடித்து வீட்டில் இருப்பவர்கள், விசில் ஊதி ஆட்ட விதி சொல்லத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் ஒரு வரி போடுங்கள். சம்பளம் கிடையாது. நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தால் நல்லது. தையல் தெரிந்த ராத்தாமாரும் சொல்லுங்கள், கடும் நீலத் துணி ஒரு சுருள் என்னிடம் இருக்கிறது.